ஆத்தா கேட்ட செக்கு

மஞ்சள் சீசன் வந்துவிட்டால் எங்கள் கிளையில் நிற்க இடம் இருக்காது. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 1990களின் நடுவில் அங்கே ஒரு வங்கியில் கேஷ் கவுன்டரில் இருந்தேன். ஈரோட்டு மண்டியில் மஞ்சளைப் போட்டுவிட்டு, மண்டிக்காரர் எழுதிக் கொடுத்த செக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்கள். அப்படி வருகிறவர்களில் ஒரு ஆத்தா உண்டு. எழுபதைத் தாண்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்லிப்பில் பெருவிரல் ரேகைதான். தோளில் எப்போதும் சென்னிமலைத் துண்டு ஒன்று கிடக்கும். சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய கட்டம் போட்டது.

ஒருநாள் செக் பாஸாகிவிட்டதா என்று விசாரிக்க வந்தவர், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார்:

"ஏங்கண்ணு, எள்ளப் போட்டா எண்ணெய் குடுக்கறதும் செக்கு. காயிதத்தப் போட்டா காசு குடுக்கறதும் செக்கு. ரெண்டுக்கும் எப்படி ஒரே பேரு வந்துச்சு?"

பின்னால் இருபது பேர் நின்றார்கள். "அது இங்கிலீஷ் வார்த்தைங்க ஆத்தா, இது வேற, அது வேற" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது சரிதான். மரச்செக்கு நம் சொல். வங்கிச் செக் வெள்ளைக்காரன் சொல். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அவர் கேட்டது அது மட்டும் இல்லையே. அந்தக் காகிதத்துக்கு ஏன் அப்படி ஒரு பெயர் என்றும்தானே கேட்டார்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. தினமும் நூறு செக்கைக் கையால் தொடுகிறவனுக்கு அதன் பெயர்க்காரணம் தெரியவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலில் தேடத் தொடங்கியதுதான். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் இவ்வளவு தூரம் போகலாம் என்று அப்போது தெரியாது.

நாமே இந்தச் சொல்லை எத்தனை விதமாகப் புழங்குகிறோம், பாருங்கள். போலீஸ்காரர் வண்டியை மறிக்கும் இடம் செக்போஸ்ட். பஸ்ஸில் பாதி வழியில் ஏறி டிக்கெட் கேட்பவர் செக்கிங். கேஸ் அடுப்பை அணைத்தாச்சா என்று செக் பண்ணுகிறோம். லாட்ஜில் செக்-இன். கட்டம் போட்ட துணி செக்டு. சதுரங்கத்தில் ராஜாவுக்கு செக். பங்காளித் தகராறில்கூட "அவனுக்கு வெச்சேன் பாரு ஒரு செக்கு" என்கிறார்கள். அமெரிக்காவில் ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லுக்கும் அதே சொல்தான். சரி என்று போடும் டிக் குறிக்கும் அதே சொல்தான்.

தமிழில் ஆறு என்றால் நதி, ஆறு என்றால் எண். ஒலி ஒன்றானாலும் சொல் இரண்டு. செக்கும் அப்படி ஏழெட்டுச் சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து சேர்ந்தவை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இத்தனையும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. அந்தச் சொல், சதுரங்கப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்த ஒருவர் எதிராளியைப் பார்த்து எழுப்பிய குரல்.

சதுரங்கம் நம் நாட்டு ஆட்டம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு உறுப்புப் படை. கி.பி. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் அது பாரசீகத்துக்குப் போனபோது பெயர் சத்ரங் என்று குறுகியது. ராஜாவுக்கு அவர்கள் மொழியில் ஷா. ராஜாவின் மேல் குறி விழுந்தால் "ஷா!" என்று சொல்லி எச்சரிக்க வேண்டும். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று பொருள். தப்ப வழி இல்லாத நிலை வந்தால் "ஷா மாத்". மாத் என்றால் பாரசீகத்தில் செயலற்றுப் போனவன், திகைத்து நிற்பவன். அரபியில் அதே ஒலிக்கு 'இறந்தான்' என்று ஒரு பொருள் இருந்ததால், பிற்காலத்தில் ராஜா செத்தான் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். பழைய பொருள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. சதுரங்கத்தில் ராஜா சாவதே இல்லை. நகர இடமில்லாமல் நிற்கிறார், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்திக்காரர்கள் இன்றும் ஷஹ், மாத் என்றுதான் சொல்கிறார்கள். ருஷ்யாவில் ஆட்டத்தின் பெயரே ஷாக்மத்தி.

இந்த ஷாவும் நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் டேரியஸ் பெகிஸ்தூன் மலைப்பாறையில் வெட்டிய கல்வெட்டில் தன்னை 'க்ஷாயதிய' என்று சொல்லிக்கொள்கிறார். அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து ஷா ஆனது. அதன் வேரும் வடமொழியில் க்ஷத்திரம், க்ஷத்திரியன் என்ற சொற்களின் வேரும் ஒன்று; ஆளுதல் என்று பொருள். ஆக, வங்கியில் நான் முத்திரை குத்திய காகிதத்தின் பெயரும் சத்திரியர் என்ற சொல்லும் ஒரே கொடிவழி. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாரசீகத்திலிருந்து அரபியர் கைக்கும், அவர்களிடமிருந்து ஐரோப்பாவுக்கும் ஆட்டம் போனது. லத்தீனில் அந்த ஷா 'ஸ்காக்குஸ்' ஆனது. பழைய பிரெஞ்சில் 'எஷெக்'. முன்னால் அந்த 'எ' எங்கிருந்து வந்தது? நம் ஊரில் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேசன் என்றும் சொல்கிறோமே, அதே கதைதான். சொல்லின் முதலில் 'ஸ்க்' என்று வந்தால் பிரெஞ்சுக்காரர் நாக்குக்கும் வராது, முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்துக்கு வந்தபோது அந்த உயிர் உதிர்ந்து செக் நின்றது. எஷெக்கின் பன்மையும் அதேபோல முன் உயிர் உதிர்ந்து செஸ் ஆனது. ஆக செஸ் என்றாலே 'ராஜாக்கள்' என்றுதான் பொருள். பிரெஞ்சில் இன்றும் எஷெக் என்றால் தோல்வி.

"ஷா!" என்று குரல் வந்ததும் எதிராளி என்ன செய்வார்? மனத்தில் போட்டுவைத்த திட்டத்தையெல்லாம் அப்படியே நிறுத்தியாக வேண்டும். முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். இந்த 'சட்டென்று நிற்க வைத்தல்' பலகையை விட்டு வெளியே வந்தது. ஓடுகிற குதிரையை இழுத்துப் பிடிப்பது செக். கோபத்தை அடக்குவது செக். அங்கிருந்து, கட்டுக்குள் வைத்திருப்பது. கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்றால் ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் 'சரிபார்ப்பது' என்ற பொருள் வந்துவிட்டது. நம் ஊர் செக்போஸ்ட்டில் இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கின்றன: முதலில் வண்டியை நிறுத்துகிறார்கள், பிறகு சரிபார்க்கிறார்கள்.

அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போது 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்பார்கள். அதைச் சரிபார்ப்பு என்று மொழிபெயர்த்து ஒரு கட்டுரையில் பார்த்தேன். வருத்தமாக இருந்தது. அங்கே இருப்பது அந்தப் பழைய பொருள். அதிபர் அளவுக்கு மீறினால் நாடாளுமன்றம் "ஷா!" என்று சொல்லும், நின்றாக வேண்டும். ஒருவரை ஒருவர் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அது. சரிபார்ப்பு என்று எழுதினால் அந்த வேகமே போய்விடுகிறது.

சரி, ஆத்தா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ராஜாவை மிரட்டும் குரல் எப்படிப் பணம் தரும் காகிதத்துக்குப் பெயரானது?

எஷெக்கிலிருந்து 'எஷெக்கியே' என்று ஒரு சொல் வந்தது. சதுரங்கப் பலகை என்று பொருள். இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டில் மன்னரின் கணக்கைப் பார்த்த அவைக்கு இதே பெயர்தான். இன்றைய ஆங்கிலத்தில் எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்தான். சதுரங்கப் பலகையின் அமைச்சர்!

இந்த அவையைப் பற்றி நமக்கு விவரமாகத் தெரிவதற்குக் காரணம் ஒருவர். இரண்டாம் ஹென்றியின் பொக்கிஷதாரர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். 1177ஐ ஒட்டி, தேம்ஸ் நதி தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து, குருவும் சீடனும் பேசிக்கொள்வதுபோல ஒரு நூல் எழுதினார். அலுவலக வேலையை அடுத்து வருகிறவனுக்குச் சொல்லித்தர எழுதிய நூல். அதில் சீடன் கிட்டத்தட்ட முதலிலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று: இதற்கு ஏன் இந்தப் பெயர்?

படித்ததும் எனக்கு ஆத்தா முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் குரு பின்னால் நின்ற வரிசையைப் பார்க்கவில்லை. பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. போட்டது உருண்டு விழாமல் இருக்க நாலு பக்கமும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கறுப்புத் துணி. துணியில் கோடுகள், கோடுகளுக்கு நடுவே பத்திகள். வலது ஓரப் பத்தி பென்னிக்கு. அடுத்தது ஷில்லிங். அப்புறம் பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம். எண்ணிக்கையைக் காட்டக் காசுகளை வில்லைகளாக வைப்பார்கள். ஒரு காசு எந்தப் பத்தியில் கிடக்கிறதோ அதுதான் அதன் மதிப்பு.

அப்போது அங்கே கணக்கு எழுதியது ரோமன் எண்களில். அதில் பூஜ்யம் கிடையாது, இடமதிப்பு கிடையாது. நாலு எண்ணை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட முடியாது. எழுத்தில் இல்லாத இடமதிப்பைத் துணியில் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு பென்னி சேர்ந்தால் அதை எடுத்துவிட்டு அடுத்த பத்தியில் ஒரு காசு. இருபது ஷில்லிங் சேர்ந்தால் அதற்கடுத்த பத்தியில் ஒரு காசு.

மேசையின் ஒரு பக்கம் பொக்கிஷதாரரின் ஆட்கள். எதிரே ஷெரிஃப், அதாவது ஒரு மாவட்டத்தின் வரியை வசூலித்து மன்னருக்குக் கட்ட வேண்டியவர். கட்ட வேண்டிய தொகையை மேல் வரிசையில் காசாகப் பரப்புவார்கள். கட்டியதைக் கீழே. பிறகு ஒவ்வொரு பத்தியாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொக்கிஷதாரரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். ஈஸ்டருக்கு ஒன்று, செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மாஸ் திருநாளுக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு அமர்வு.

இந்த மேசையில் என்னை மிகவும் தொட்டது ஒன்று உண்டு. அந்தக் காலத்து ஷெரிஃபுகளில் பலருக்கு எழுத்தும் கணக்கும் அவ்வளவாக வராது. லத்தீனில் எழுதிய கணக்குச் சுருளை அவர் முன்னால் நீட்டினால் அதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. துணியில் பரப்பினால் அப்படி இல்லை. தான் கொடுத்த காசு எங்கே போகிறது, எது கழிகிறது, என்ன மிச்சம் என்பதெல்லாம் அவர் கண் முன்னாலேயே நடக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் கணக்கைக் காட்ட முடியும்.

பணம் கட்டியதற்கு ரசீது? அதுவும் காகிதத்தில் இல்லை. ஹேசல் என்ற மரத்தின் குச்சி. குறுக்கே வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிமன் வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. பென்னிக்கு வெறும் கீறல். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். வெட்டுகள் இரண்டு பாதியிலும் இருக்கும். ஒரு பாதி கட்டியவரிடம், ஒரு பாதி கஜானாவில். சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். ஒருவர் தன் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் மறுபாதி காட்டிக்கொடுத்துவிடும். மரத்தின் ரேகையை யாரும் கள்ளத்தனமாகச் செய்ய முடியாது.

இந்தக் குச்சிகள் 1826 வரை ஓடின. அதன்பிறகு தேவையில்லாமல் கிடந்தவற்றை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் கீழிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். காலையிலிருந்து போட்டுப் போட்டு எரித்ததில் புகைபோக்கி தாங்கவில்லை. அன்று மாலை வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் தீப்பிடித்து நாடாளுமன்றத்தின் பெரும்பகுதி சாம்பலானது. இப்போது லண்டனில் நாம் பார்க்கும் நாடாளுமன்றக் கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது.

குச்சியின் சிறிய பாதிக்கு ஃபாயில் என்று பெயர். லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. செக் புத்தகத்தில் செக்கைக் கிழித்த பிறகு நம்மிடம் மிஞ்சும் துண்டை என்னவென்று சொல்கிறோம்? கவுன்டர்ஃபாயில். மரம் போய்க் காகிதம் வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

செக் என்ற பெயரும் முதலில் அந்தத் துண்டுக்குத்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருவூலப் பத்திரங்களைக் கொடுக்கும்போது வைத்துக்கொள்ளும் மறுபாதிக்கு செக் என்று பெயர். மோசடியைத் தடுக்கிற, ஒத்துப் பார்க்கிற துண்டு. நாளடைவில் பெயர் அந்தத் துண்டை விட்டு, கிழித்துக் கொடுக்கிற தாளுக்குத் தாவியது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டனில் அதன் எழுத்துக்கூட்டலும் cheque என்று மாறியது. அமெரிக்கர்கள் check என்ற பழைய எழுத்துக்கூட்டலிலேயே நின்றுவிட்டார்கள். 1881ஆம் வருடச் செலாவணி முறிச் சட்டம் பிரிட்டிஷ் முறையில் இருப்பதால் நம் செக் புத்தகத்திலும் அந்த எழுத்துதான்.

இந்தப் பாதிக்குப் பாதி ஏற்பாடு ஒன்றும் நமக்குப் புதிது இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டை இரண்டாகக் கிழித்து ஒன்றை ஹேண்டில்பாரில் செருகி மற்றதை நம் கையில் கொடுப்பார்களே, அதுவும் ஒரு செக். அமெரிக்காவில் கோட்டைக் கழற்றிக் கொடுத்தால் தரும் டோக்கனுக்கு உண்மையிலேயே அந்தப் பெயர்தான். எங்கள் கிளையில் பித்தளை டோக்கன் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டம், நடுவில் எண் வெட்டியிருக்கும். செக்கை நீட்டினால் அந்த எண்ணைச் செக்கின் பின்னால் எழுதிக்கொண்டு டோக்கனைக் கையில் கொடுப்போம். செக் உள்ளே மேசை மேசையாகப் போய், லெட்ஜரில் ஏறி, கடைசியில் கேஷ் கவுன்டருக்கு வரும். எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவேன். டோக்கன் திரும்பி வந்தால்தான் பணம். ஆயிரம் உள்ளங்கை பட்டு வழவழவென்று தேய்ந்த பித்தளை, சில டோக்கனில் எண்ணையே விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவர்களின் டோக்கன் சூடாக இருக்கும். அரை மணி நேரம் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள், அதனால்.

தமிழில் செக்குக்குக் காசோலை என்று பெயர் வைத்தது யார் புத்தியில் உதித்ததோ, அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஓலை என்றால் நமக்கு எழுத்து, ஓலை என்றால் ஆணை, ஓலை என்றால் ஊருக்கு ஊர் போகும் சேதி. இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதி அனுப்பும் சேதிதானே செக்? அதற்கு ஓலையைவிடப் பொருத்தமான சொல் எது? ஃபாயிலும் இலை, ஓலையும் இலை. இங்கிலாந்துக்காரர் ஒரு வழியில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நம்மவர் வேறு வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறார். பேச்சில் எல்லாரும் செக் என்றே சொல்லட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. எழுதும்போது மட்டும் நான் காசோலை என்றுதான் எழுதுகிறேன்.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் அடித்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். எல்லாரும் நின்று போட்டோ எடுத்தார்கள். ஆட்டம் உலகத்தைச் சுற்றிவிட்டுப் பிறந்த மண்ணுக்கு வந்ததைப் பற்றி அங்கே எல்லாரும் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க மேசைமேல் விரித்த கறுப்புத் துணியும், அப்புறம் சென்னிமலைத் துண்டும் நினைவுக்கு வந்தன.

ஆத்தாவின் செக் அந்த வாரமே பாஸாகிவிட்டது. பணம் எடுக்க வந்தார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டேன். டோக்கனைக் கம்பி வழியாக நீட்டினார், பணத்தைக் கொடுத்தேன். நூறு ரூபாய் நோட்டுகள். மெஷினெல்லாம் அப்போது எங்களிடம் இல்லை, கையால் இரண்டு தடவை எண்ணித்தான் கொடுத்தேன். "எண்ணியாச்சுங்க ஆத்தா, சரியா இருக்குது" என்றேன்.

"நீ எண்ணிட்ட கண்ணு. நானு பாக்கோணுமில்ல" என்றார்.

தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி விரித்தார். ஒவ்வொரு சிவப்புக் கட்டத்துக்கும் பத்துப் பத்து நோட்டாக வைத்துக்கொண்டே போனார். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. முழுவதும் பரப்பியாயிற்று. பிறகு ஒரு முனையிலிருந்து எடுக்க ஆரம்பித்தார். இந்த நாலு கட்டம் உரக்கடைக்கு. இந்த ரெண்டு, மஞ்சள் வெட்டின ஆளுங்களுக்கு. இது மாட்டுக் கடன். எடுத்ததைத் தனித்தனியாகச் சுருட்டி முந்தானையில் வேறு வேறு முடிச்சாகப் போட்டார். துண்டில் மூன்று கட்டம் மிச்சம் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "செரியாத்தான் இருக்குது கண்ணு" என்றார்.